இரண்டு கொடி ஆட்டம்

விழுப்புரத்துக்காரர்களுக்கு இன்றைக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர். காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். என் வயதை ஒட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அது வேறு தேசம். இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். சின்னபாபுசமுத்திரத்தில் ரயிலை நிறுத்திச் சுங்கக்காரர்கள் ஏறுவார்கள். கருவாட்டுக் கூடைக்குள்கூடக் கையை விட்டுத் துழாவுவார்கள். துழாவிய கையை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். நாங்கள் சிரிக்கக் கூடாது என்று அம்மா தொடையில் கிள்ளுவாள்.

அதனால்தான் அந்தக் கால்பந்துப் போட்டிக்கு நோட்டீஸ் அடித்தவர்கள் கொஞ்சமும் கூச்சப்படாமல் 'இன்டர்நேஷனல்' என்று போட்டார்கள். ரோஸ் நிறக் காகிதம். மூலைக்கு ஒன்றாக இரண்டு கொடிகள். நம் ஜனங்களுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை வாயில் நுழையவில்லை. 'ரெண்டு கொடி ஆட்டம்' என்றார்கள். அதே வருஷங்களில் கடலுக்கு அப்பால் உலகக் கோப்பை என்று ஒன்று நடந்துகொண்டிருந்ததாகவும், யுத்தம் வந்து அது நின்றுபோனதாகவும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் ஆட்டமும் அதே யுத்தத்தில்தான் நின்றது. ஆனால் அதற்கு முன்பே அது எங்கள் வீட்டைப் புரட்டிப்போட்டுவிட்டது.

முதல் வருஷத்து ஆட்டம் திண்டிவனத்தில் நடந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து மைதானம். எனக்கு மூன்று வயசு, அம்மா இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. சித்தப்பா, என் அப்பாவின் ஒரே தம்பி, அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் டீமில் ஆடினார். இடது கால்காரர். அந்தக் காலத்துப் பந்துக்கு வாய்ப்பக்கம் தோல் வார் போட்டுத் தைத்திருக்கும். மழையில் நனைந்தால் பந்து கருங்கல் கனம் கனக்கும். தலையால் முட்டினால் வார் நெற்றியைக் கிழித்துவிடும். சித்தப்பாவின் நெற்றியில் புருவத்துக்கு மேலே அப்படி ஒரு தழும்பு இருந்தது. நான் அதில் விரலை வைத்து ஓட்டுவேன். அதுதான் அவரைப் பற்றிய என் முதல் ஞாபகம்.

அந்த வருஷம் கோப்பையைப் புதுச்சேரி சிப்பாய் டீம் தூக்கிக்கொண்டு போனது. பிரெஞ்சு போலீசில் வேலை பார்த்த நம்மாட்கள்தான் எல்லோரும். ஆனால் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். கோப்பை எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரில்தான் அடுத்த ஆட்டம் என்பது விதி.

தோற்றாலும் சித்தப்பாவின் ஆட்டத்தை விழுப்புரம் ரயில்வே டீமின் கேப்டன் பார்த்துவிட்டார். அவர் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். அப்பா அங்கேயே என்ஜினில் ஃபயர்மேன். புதுச்சேரி வண்டியில் கரி அள்ளிப் போடுகிற வேலை. கிளார்க் அப்பாவைக் கூப்பிட்டு, "உன் தம்பிய இட்டுக்கினு வா. ஷெட்டுல கிளீனரா சேத்துக்கலாம், டீமுக்கும் ஆவான்" என்றார். அப்பா அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்த வேகத்தை அம்மா சொல்லிச் சொல்லி, நானே பார்த்த மாதிரி இருக்கிறது. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, இடித்தது தெரியாமல் சிரித்தார்.

அப்பாவின் அந்தச் சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் எந்தத் தெருவிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறோம் என்பது ஊருக்குத் தெரியும். எங்கள் தாத்தா காலம்வரை வேறு ஒருவர் நிலத்தில் வேறு ஒருவர் நேரத்தில் உழைத்தவர்கள். ரயில்வே கோட்டர்ஸில் எங்களுக்குக் கிடைத்த ஓர் அறையை அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்குவாள். அந்த வேலை அப்பாவுக்குக் கையிலேந்திய முட்டை மாதிரி. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். கிளார்க்கைக் கண்டால் தலைத்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும்.

இரண்டாம் வருஷம் ஆட்டம் புதுச்சேரியில். ரயில்வே டீம் ஜெயித்தது. கடைசி கோல் சித்தப்பாவுடையது. கோப்பையோடு டீம் வந்து இறங்கிய சாயங்காலம் விழுப்புரம் ஸ்டேஷனில் பட்டாசுப் புகை நின்றது. என்னைச் சித்தப்பா தோளில் தூக்கிக்கொண்டார். மாலையில் இருந்த சாமந்தியைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ரைஸ் மில்காரர் டீமுக்கு விருந்து வைத்தார். கோப்பையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அப்பாவுக்கு வண்டி டியூட்டி, வர முடியவில்லை. சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு போனார். பெரிய கூடம். வரிசையாக இலை. பால்கோவா வாசனை. சித்தப்பா உட்காரப் போனபோது ஒரு ஆள் வந்து, "நீ இப்படி வாப்பா" என்று பின்பக்கம் கூட்டிப்போனான். நெல் அவிக்கிற களம். அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. உமிக் குவியல் ஓரமாகச் சாணி மெழுகிய இடத்தில் இலை போட்டிருந்தது, எனக்கும் அவருக்கும் மட்டும்.

எனக்குப் பெருமையாக இருந்தது. கோல் போட்டவருக்குத் தனி இடம் என்றே நினைத்தேன். காற்று வேறு நன்றாக வந்தது. பரிமாறினவன் எனக்கு வடை இரண்டு வைத்தான். சாப்பிட்டேன். சித்தப்பா சாப்பிடவில்லை. சோற்றில் கைகூட வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க் வாயைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் வந்தவர், "இன்னாடா? பெரிய மனுசன் வூடு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். சித்தப்பா இலையைப் பதார்த்தத்தோடு அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் விரல்கள் நொறுங்கிவிடும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் வடைக் கதையைச் சந்தோஷமாகச் சொன்னேன். தனி இலை, உமிக் குவியல், நல்ல காற்று, எல்லாம். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். சித்தப்பா அவளிடம், "அண்ணி, அண்ணங்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

அப்பாவுக்கு வேறு கதை போய்ச் சேர்ந்தது. கிளார்க் சொன்ன கதை. தனக்கு முதல் மாலை போடவில்லை என்று உன் தம்பி இலையை விட்டு எழுந்து போய்விட்டான், மில்காரருக்குத் தலைகுனிவு என்று. அப்பா நம்பினார். கிளார்க் சொல்லி அப்பா எதையும் நம்பாமல் இருந்ததில்லை. "சோறு போட்டவன் மூஞ்சில அடிச்சிட்டு வந்துக்கீறியேடா! போய் மன்னிப்பு கேளு" என்று கத்தினார். தம்பியிடம் மட்டும் அவருக்குக் குரல் எழும்பும். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விடிந்து பார்த்தால் அவருடைய பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முதல் வண்டியில் புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்துச் செய்தி வந்தது. சிப்பாய் வேலையில் சேர்ந்துவிட்டார். சிப்பாய் டீமில் ஆடுகிறார். பூட்ஸ் போட்டு.

இனி நான் சொல்ல வந்த பருவம். மூன்றாம் வருஷம். கோப்பை எங்களிடம் இருந்ததால் ஆட்டம் விழுப்புரத்தில். பொங்கல் கழிந்து, கடலை மூட்டை ஏற்றிய மல்லாட்டை வண்டிகள் ஸ்டேஷனுக்கு வரிசை கட்டி வருகிற நாட்கள். சித்தப்பா எதிர் டீமில் வருகிறார் என்ற செய்தி மார்க்கெட்டுக்கு முதலில் வந்து, பிறகு எங்கள் கோட்டர்ஸ் வரிசைக்கு வந்தது. குழாயடியில் அம்மாவோடு யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் இடம் மாறி உட்கார்ந்தாள். கரித்துண்டால் எங்கள் சுவரில் யாரோ ஒரு காலை வரைந்து, முழங்காலுக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா துடைப்பத்தால் தேய்த்தாள். கோடு போகவில்லை, பரவியது.

"அவன் என் வாசப்படி மெறிக்கக் கூடாது" என்றார் அப்பா. "நான் போட்ட சோத்துல வளந்த காலு, என் ஊரு மேலயே ஒதைக்க வருது."

ஆனால் ஆட்டத்தன்று காலையில் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டில் அது சித்தப்பாவுக்காக வைக்கிற குழம்பு. அப்பா மோப்பம் பிடித்தவர் ஒன்றும் கேட்காமல் ஷெட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் புதுச்சேரி வண்டியில் அவருக்கு டியூட்டி.

ரயில்வே மைதானத்துக்கு ஒரு பக்கம் கரி கொட்டி வைத்திருந்த மேடு. பெண்கள் நின்று பார்க்கிற இடம் அதுதான். அம்மாவும் நானும் ஓரமாக நின்றோம். திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவித்த மல்லாட்டை வாசனையும் மாட்டு மூத்திர வாசனையும் கரிப்புகையும் சேர்ந்து அடித்தன. மைதானத்தில் இரண்டு கொடிக்கம்பங்கள். புதுச்சேரி டீம் நீலச் சட்டையில் இறங்கியதும் ஒரு ஊளை எழுந்தது. அவ்வளவு ஆண்கள் ஒரே குரலில் ஊளையிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"காட்டிக் குடுத்தவனே!"

"காலை ஒடிச்சி அனுப்புங்கடா!"

சித்தப்பா எங்களைத் தேடினாரா என்று தெரியவில்லை. ஒரு தடவை கரி மேட்டைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் ரயில்வே டீமில் இரண்டு பேர் பந்தை விட்டுவிட்டு அவரையே துரத்தினார்கள். விழுவார், எழுவார். ரெஃபரி திண்டிவனத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரச் சாமியார். விசில் ஊதி ஊதி அவர் முகம் சிவந்துவிட்டது. நாங்கள், அதாவது விழுப்புரம், ஒரு கோல் போட்டோம். தொப்பிகள் மேலே பறந்தன. நானும் குதித்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள். குதிப்பதா வேண்டாமா என்று எனக்கு அதற்கப்புறம் தெரியவில்லை.

இடைவேளையில் சித்தப்பா பூட்ஸைக் கழற்றினார். ஒரு பூட்ஸிலிருந்து காலை உருவ முடியாமல் இன்னொரு ஆள் இழுத்தான். உருவியதும் காலுறை கறுப்பாக நனைந்திருந்தது. ரத்தம் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மறுபாதி அவர் வெறுங்காலோடு ஆடினார்.

வெறுங்காலில் அவர் வேறு ஆள். நம் மண்ணில் வளர்ந்த கால் அல்லவா. பந்து அவர் இடது காலை விட்டுப் பிரியவே மறுத்தது. ஒரு கோலை எப்படிப் போட்டார் என்று நான் பார்க்கவில்லை, ஒரு வண்டிக்காரர் எழுந்து மறைத்துவிட்டார். அடுத்ததைப் பார்த்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரம். வெயில் சாய்ந்து, ஆட்களின் நிழல்கள் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் நீண்டிருந்தன. அவரைப் பிடித்துத் தள்ள வந்தவனை விட்டு ஒதுங்கி, விழுகிற மாதிரி சாய்ந்து, விழாமல் உதைத்தார். கோல்காரன் அசையவேயில்லை.

சத்தம் எழவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. எங்கோ ஒரு மாடு கழுத்து மணியை ஆட்டியது, அது கேட்டது. ரெஃபரி கடைசி விசிலை ஊதியதும் கயிற்றைத் தாண்டிக்கொண்டு கூட்டம் உள்ளே பாய்ந்தது.

புதுச்சேரி டீம் ஒரே கொத்தாக ஸ்டேஷனைப் பார்த்து ஓடியது. சித்தப்பாவால் நொண்டாமல் ஓட முடியவில்லை, பின்தங்கிவிட்டார். அவர்களோடு சேர வழியில்லாமல் கரி மேட்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அம்மா யோசிக்கவேயில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் ஓடினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே தள்ளி, கயிற்றுக் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, மேலே போர்வையைப் போட்டாள். சித்தப்பா அதற்குப் பின்னால் நின்றார். அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேப்பை மாவைக் கொட்டி, சலித்துக்கொண்டிருந்தாள்.

கிளார்க் முன்னால் வந்தார். சட்டை கிழிந்திருந்தது. பின்னால் பத்துப் பதினைந்து பேர், கையில் கல்லும் கொம்பும்.

"உன் கொழுந்தன் உள்ள கீறானா?"

"வூட்ல ஆம்பள இல்லைங்க. நானும் பாப்பாவுந்தான் கீறோம்."

"தள்ளிக்கோ. பாக்கணும்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "பொம்பள குந்திக்கினு இருக்கிற வாசல தாண்டி உள்ள போவீங்களா, சார்?" என்றாள். குரல் கீச்சென்று இருந்தது. அவர்கள் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். பின்னால் ஒருவன், "இவகிட்ட இன்னா பேச்சு" என்று முன்னால் வந்தான்.

அந்தச் சமயத்தில் அப்பா வந்தார். நீல உடுப்பு, தோளில் துண்டு. டியூட்டிக்கு முன்னால் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போக எப்போதும் வருகிற மாதிரிதான் வந்தார். கிளார்க்கைக் கண்டதும் துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"உன் தம்பி இங்க வந்தானா?"

"அவன் எப்டி சார் வருவான்?" என்றார் அப்பா. "என் வாசப்படி மெறிக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக்கீறேன். வந்தா நானே புடிச்சி உங்க கையில குடுக்க மாட்டனா?"

அவர் உண்மையைத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த உண்மை. அதனால் அவர்கள் நம்பினார்கள். "ரயில்ல பூந்திருப்பான், வாங்கடா" என்று கிளார்க் திரும்பினார். கூட்டம் ஸ்டேஷனைப் பார்த்துப் போனது.

அப்பா உள்ளே வந்து தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துக்கொண்டே கீழே பார்த்தார். மண்தரையில் ரத்தக் காலடி, கட்டில்வரை போயிருந்தது. சொம்பை மெதுவாக வைத்தார்.

"வெளிய வா."

சித்தப்பா வந்தார்.

"போடா. இந்த வூட்டுல நிக்காத. என் வேலைக்கு உலை வெச்சுடாத, போ."

சித்தப்பா கதவைப் பார்த்து நகர்ந்தார். அம்மா வந்து கதவின் குறுக்கே நின்றாள். அப்பாவிடம் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு மில்லுக்காரர் வூட்டுல உங்க தம்பிக்கு எங்க எலை போட்டாங்கன்னு கேட்டீங்களா?"

"இன்னா?"

"கூடத்துல இல்ல. நெல்லு அவிக்கிற எடத்துல. உமி பக்கத்துல. கோல் போட்டவரு ஒருத்தருக்கு மட்டும். பாப்பாவக் கேளுங்க, அதுவும் அங்கதான் குந்திச் சாப்ட்டுச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாம்பா, எனக்கு ரெண்டு வடை வெச்சாங்க" என்றேன். அந்த வடை அப்போதுதான் எனக்குள் வேறு மாதிரி ஆகத் தொடங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் அது ஆயிற்று.

ஸ்டேஷன் பக்கம் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா கொடியில் கிடந்த தன் இன்னொரு நீல உடுப்பை எடுத்துத் தம்பி மேல் எறிந்தார். விளக்கெண்ணெயில் அடுப்புக் கரியைக் குழைத்தார். தானே தன் கையால் சித்தப்பாவின் முகத்தில், கழுத்தில், நெற்றித் தழும்பில் தடவினார். தலைக்கு அழுக்குத் துண்டைக் கட்டினார். அம்மா காலில் துணி சுற்றினாள்.

"ஜல்தி. காலை இழுக்காம நட. தலைய தூக்காத." பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, நீ தூக்கை எடுத்துக்கினு கூட வா. புள்ள கூட வந்தா சந்தேகப்பட மாட்டானுங்க" என்றார்.

ஒரு குழந்தையை அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பலாமா என்று இன்றைக்கு நீங்கள் கேட்பீர்கள். நானும் பிற்காலத்தில் கேட்டுக்கொண்டதுண்டு. அம்மா கேட்கவில்லை. "அழுதுடாதடி" என்று மட்டும் சொன்னாள்.

தண்டவாளத்தின் ஓரமாக நடந்தோம். ஜல்லிக்கல் வெறுங்காலில் குத்தியது. தூக்கில் இருந்த கருவாட்டுக் குழம்பு தளும்பி என் கையில் வழிந்தது. அப்பா முன்னால், நான் நடுவில், அப்பாவின் கரி அள்ளும் ஷவலைத் தோளில் வைத்துக்கொண்டு சித்தப்பா பின்னால். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு இடது காலடிக்கும் அது ஒரு முறை அறுந்தது.

பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாக ஏறித் தேடிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரி டீமை ஒரு பெட்டிக்குள் வைத்து ரயில்வே போலீஸ் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். பார்த்ததும் சித்தப்பாவின் நடை தயங்கியது. அப்பா திரும்பாமலே, "வா" என்றார்.

என்ஜினுக்குப் பக்கத்தில் மில்காரரின் ஆள் நின்றிருந்தான். அன்றைக்கு "நீ இப்படி வாப்பா" என்றவனேதான்.

"யாருய்யா கூட?"

"புது கிளீனரு. திண்டிவனத்து ஆளு" என்றார் அப்பா.

"பேரு இன்னாப்பா?" என்று அவன் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டான். சித்தப்பா வாயைத் திறந்தால் குரலை அவன் கண்டுகொள்வான். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது.

"அவரு பேச மாட்டாரு. ஊமை" என்றேன்.

அவன் குனிந்து என்னைப் பார்த்தான். அதே சமயம் பிளாட்பாரத்தில் பையன்கள் கோபத்தில் கரிக்கட்டிகளை உதைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒன்று பறந்து வந்து சித்தப்பாவின் இடது காலில், துணி சுற்றிய அதே இடத்தில், பட்டது. எலும்பில் மோதிய ஓசை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது அதே இடத்தில், அதே மாதிரி, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். கரி பூசிய கன்னத்தில் மட்டும் ஒரு கோடு ஈரமாக இறங்கியது.

"பாவம், நெசமாவே ஊமைதான், கத்தக்கூட வரல" என்றான் அவன். விலகி வழி விட்டான்.

என்ஜின் டிரைவர் ஒரு ஆங்கிலோ-இந்தியர், சட்டைக்காரத் துரை என்போம். ரயில்வே டீம் என்றால் உயிரை விடுகிறவர். மேலிருந்து குனிந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, ஏணியில் வைத்த காலைப் பார்த்தார். எத்தனை ஆட்டத்தில் பார்த்த கால். அப்பா கும்பிடாத குறையாக நின்றார்.

"கிளீனரா?" என்றார் துரை.

"ஆமாங்க, சார்."

"சரி, மேன். ஏறச் சொல்லு. கரி அள்ளட்டும்."

கூட்டம் என்ஜினை மறித்துக்கொண்டு தண்டவாளத்தில் நின்றது. துரை எதையோ திருப்பினார். இரண்டு பக்கமும் வெள்ளையாக நீராவி சீறி அடித்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். வண்டி நகர்ந்தது. நெருப்பு வாய் திறந்த வெளிச்சத்தில் இரண்டு முதுகுகள் குனிந்து நிமிர்வதை மட்டும் பார்த்தேன். எது அப்பா, எது சித்தப்பா என்று அடையாளம் தெரியவில்லை. தூக்கு அவர்களோடு போய்விட்டது. நான் கையில் குழம்பு வாசனையோடு தனியாக வீட்டுக்கு வந்தேன்.

அப்பா மறுநாள் காலை வண்டியில் திரும்பினார். வந்ததும் படுத்துக்கொண்டார். விஷயம் எப்படியோ வெளியே போனது. யாரும் நேரே கேட்கவில்லை. அப்பாவை என்ஜினிலிருந்து இறக்கிச் சாம்பல் அள்ளுகிற வேலைக்குப் போட்டார்கள். அப்புறம் திண்டிவனத்துக்கு மாற்றல், என்ஜினுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் வேலை. அம்மாவுக்கு அது சொந்த ஊர் என்பதால், கடவுள் கொடுத்த தண்டனையில் பாதி சர்க்கரை என்பாள். அப்பா கிளார்க்கை அதற்கப்புறமும் ஓரிரு தடவை பார்த்திருக்கிறார். துண்டு தோளிலேயே இருந்தது என்று அம்மா சொல்வாள். நான் பார்க்கவில்லை.

சித்தப்பாவைச் சிப்பாய் வேலையில், வியட்நாமில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யுத்தம். ஆட்டம் நின்றது, கப்பல் நின்றது, தபால் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற வருஷங்களை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். ஜப்பான்காரன் சைகோனைப் பிடித்துவிட்டான் என்று பேப்பரில் வந்த அன்று அப்பா பம்ப் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து ரோடெல்லாம் தண்ணீர்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை இரண்டு கொடி ஆட்டம் நடந்தது. விழுப்புரத்துக்கு வர புதுச்சேரிக்காரர்கள் ஒப்பவில்லை, புதுச்சேரிக்குப் போக ரயில்வே ஒப்பவில்லை. பொதுவாகத் திண்டிவனம் என்று முடிவாயிற்று. அதற்குள் எனக்குத் தாவணி போட்டாகிவிட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டு, "வர்றியா, போவலாம்" என்றார். அவர் தன் வாழ்க்கையில் ஒரு ஆட்டமும் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லா ஆட்டமும் அவருக்கு டியூட்டி நேரத்தில்தான் நடந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் அப்பா புதுச்சேரி டீம் தங்கியிருந்த பள்ளிக்கூடக் கூடத்துக்குப் போனார். ஒவ்வொரு ஆளாகச் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கேட்டார். எல்லாரும் புதுப் பையன்கள், தெரியவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த வயசான ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"எடது கால்காரரா? சைகோன்ல கீறாருங்க. உசுரோட கீறாரு. அங்கயே ஒரு பொண்ணக் கட்டிக்கினாரு. ஆட முடியாது, காலு போச்சு. பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாரு."

"காலு போச்சுன்னா?"

"நடக்கிறாரு. ஓட முடியாது. யுத்தத்துல ஆனது இல்லீங்க, அதுக்கு முன்னாலயே. ஏதோ பழைய அடியாம்."

அப்பா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தார். சித்தப்பா ஊருக்குத் திரும்பவேயில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இரண்டு முறை ஆள் மூலம் துணி அனுப்பினார். அவ்வளவுதான். அவர் அங்கேயே காலமானார்.

மைதானத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கியது. அப்பா பந்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குத்தான் கேட்கத் தைரியம் வந்தது.

"அன்னைக்கு என்ஜின்ல சித்தப்பா இன்னா பேசுனாருப்பா?"

அவர் கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து ஒடித்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

"வளவனூரு தாண்டுற வரைக்கும் ஒண்ணும் பேசல. ரெண்டு பேரும் கரி அள்ளிப் போட்டுக்கினு வந்தோம். அப்பறம் நான்தான் கேட்டேன். ஏண்டா, எங்கிட்ட ஏன் சொல்லலன்னு."

"அவரு?"

"சொல்லியிருந்தா நீ இன்னாண்ணா சொல்லியிருப்ப? 'எங்க எலை போட்டா இன்னாடா, சாப்ட்டு வர வேண்டியதுதான'ன்னு சொல்லியிருப்ப. அதை உன் வாயால கேக்க வாணாம்னுதான் போய்ட்டேன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சின்னபாபுசமுத்திரம் வந்துடுச்சு. எறங்கி அவன் ஆளுங்க பெட்டிக்குப் போய்ட்டான். நான் ஒண்ணும் சொல்லல." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் சொன்னது நெசந்தாம்மா. அப்டித்தான் சொல்லியிருப்பேன்."

மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள். எங்களைச் சுற்றி எல்லோரும் எழுந்து கத்தினார்கள். எந்தக் கொடிக்காரர் போட்டார் என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.